மோர்மன் என்றால் ஓட்டு இல்லையா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க அரசியல் பேசும் இடத்தில், 2012-இல் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராக நின்ற மிட் ராம்னியின் பெயர் வந்தால் போதும், யாராவது ஒருவர் குரலைத் தாழ்த்தி, "அவர் மோர்மனாமே?" என்பார். அந்த "ஆமே"வுக்கு என்ன அர்த்தம் என்று திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. இத்தனை வருடத்தில் நண்பர்கள் என்னிடம் கேட்டவற்றையும், நானே தேடிப் படித்தவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

மோர்மன்கள் என்பவர்கள் யார்?

1830 ஏப்ரல் 6 அன்று நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்ற 24 வயது இளைஞர் தொடங்கிய சபையைச் சேர்ந்தவர்கள். சபையின் முழுப்பெயர் 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை'. பைபிளோடு 'மோர்மன் புத்தகம்' என்ற நூலையும் வேதமாக வைத்திருப்பதால் ஊர் வைத்த பெயர்தான் மோர்மன். தலைமையகம் யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டி. உலகம் முழுக்க 1 கோடியே 70 லட்சத்துக்கும் மேல் உறுப்பினர்கள் என்று சபை கணக்குச் சொல்கிறது. அமெரிக்க மக்கள்தொகையில் சுமார் 2 சதவீதம்.

நான் முதலில் பார்த்த மோர்மன்கள், நாங்கள் அங்கே வாடகை அபார்ட்மென்ட்டில் இருந்தபோது கதவைத் தட்டிய இரண்டு பையன்கள். வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்பு பேட்ஜ். பேட்ஜில் 'எல்டர்' என்று போட்டிருந்தது. நம் ஊர்ச் சபைகளில் 'மூப்பர்' என்பார்களே, அந்தப் பட்டம், மீசை சரியாக முளைக்காத 19 வயதுக்கு! ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, வாசலில் வந்தவர்களைச் சும்மா அனுப்பக் கூடாது என்று டிகாக்‌ஷன் இறக்கிவிட்டார். அவர்கள் காபி குடிப்பதில்லையாம். டீயும் கிடையாதாம். மதுவும் புகையிலையும் போல இவையும் சபையில் விலக்கு. அம்மா யோசித்து, பெருங்காயம் போட்டு இரண்டு டம்ளர் மோர் கொடுத்தார். மிச்சம் வைக்காமல் குடித்தார்கள். மோர்மன் என்ற பெயருக்கு எங்கள் வீட்டில் அன்றைக்கே வேறொரு பொருள் வந்துவிட்டது.

அவர்கள் கிறிஸ்தவர்களா, இல்லையா?

அவர்களைக் கேட்டால் ஆம். பல சபைகளைக் கேட்டால் இல்லை. வம்பு முளைக்கும் இடமே இதுதான்.

பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே தேவன் என்பது திரித்துவ உபதேசம். மோர்மன்கள் மூவரும் தனித்தனியானவர்கள், நோக்கத்தில் மட்டும் ஒன்றானவர்கள் என்கிறார்கள். பிதாவுக்கு உடல் உண்டு என்கிறார்கள். வெளிப்பாடு பைபிளோடு முடிந்துவிடவில்லை, இன்றும் ஒரு தீர்க்கதரிசி சபையை நடத்துகிறார் என்கிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபை அவர்கள் கொடுக்கும் ஞானஸ்நானத்தை ஏற்பதில்லை. 'இவாஞ்சலிக்கல்' எனப்படும் அமெரிக்க சுவிசேஷ சபைகள் இன்னும் கடுமை. நம் ஊர் பாஸ்டர்கள் 'துர்உபதேசக் கூட்டம்' என்று சொல்வார்களே, அதே தொனியில் அங்கும் ஒரு சொல் உண்டு.

இந்தச் சர்ச்சையில் எனக்குக் குற்றம் தெரியவில்லை. எது சரியான உபதேசம் என்று சபைகள் சண்டை போட்டுக்கொள்வது அவர்கள் உரிமை. ஞானஸ்நானத் தொட்டிக்கான அளவுகோலை வாக்குச்சாவடிக்குத் தூக்கிக்கொண்டு வரும்போதுதான் கோளாறு.

வெறுப்பு எப்போது தொடங்கியது?

சபை தொடங்கிய கையோடு. ஆனால் மதம் மட்டும் காரணம் என்று நினைத்தால் பாதிக் கதைதான் கிடைக்கும். மிச்சப் பாதி ஓட்டு.

1830களில் மோர்மன்கள் மிசூரி மாநிலத்தில் குடியேறினார்கள். கூட்டமாக வந்தார்கள், கூட்டமாக நிலம் வாங்கினார்கள், கூட்டமாக ஓட்டுப் போட்டார்கள். பெரும்பாலும் வடக்கத்தியர்கள், மிசூரியோ அடிமை முறை இருந்த மாநிலம். 'இந்த இடம் கடவுள் எங்களுக்குக் கொடுத்தது' என்று வேறு பேசினார்கள். பழைய குடிகளுக்கு எரிச்சல் வர இவ்வளவு போதாதா? 1838 ஆகஸ்ட் 6 அன்று கலட்டின் என்ற சிற்றூரில் தேர்தல். ஓட்டுப் போட வந்த மோர்மன்களைத் தடுக்கும்படி ஒரு வேட்பாளரே கூட்டத்தைத் தூண்டிப் பேச, கட்டையும் கல்லுமாக அடிதடி. அது பரவி, சில வாரங்களில் இரண்டு தரப்பும் ஆயுதம் ஏந்தி நின்றன. மோர்மன் தரப்பும் வீடுகளைக் கொளுத்தியது. அதை மறைக்க வேண்டியதில்லை.

அக்டோபர் 27 அன்று ஆளுநர் லில்பர்ன் பாக்ஸ் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். மோர்மன்களை எதிரிகளாக நடத்த வேண்டும், அவர்களை ஒழித்துக்கட்ட வேண்டும் அல்லது மாநிலத்தைவிட்டு விரட்ட வேண்டும் என்பது அதன் சாரம். கோபத்தில் எவரோ மேடையில் கத்தியது இல்லை இது. ஆளுநரே போட்ட அரசாணை. மூன்று நாள் கழித்து ஹான்ஸ் மில் என்ற குடியிருப்புக்குள் ஆயுதக் கூட்டம் புகுந்தது. பெண்கள் காட்டுக்குள் ஓடினார்கள். ஆண்கள் கொல்லுப்பட்டறைக்குள் ஓடி ஒளிந்தார்கள். பட்டறைச் சுவர் மரத்துண்டுகளை அடுக்கிக் கட்டியது, இடையிடையே அகலமான இடுக்குகள். வந்தவர்கள் அந்த இடுக்குகளில் துப்பாக்கியை நுழைத்துச் சுட்டார்கள். துருத்திக்கு அடியில் பதுங்கியிருந்த 10 வயதுப் பையனை வெளியே இழுத்துச் சுட்டார்கள். மொத்தம் 17 பேர். புதைக்க நேரமில்லாமல் உடல்களை அரைகுறையாகத் தோண்டிக் கிடந்த கிணற்றில் போட்டு மூடினார்கள்.

ஆளுநர் போட்ட ஆணை எந்த ஆண்டு முறைப்படி ரத்தானது தெரியுமா? 1976. அதற்குள் மனிதன் நிலவுக்கே போய்விட்டு வந்துவிட்டான்.

ஜோசப் ஸ்மித் அமெரிக்க அதிபர் தேர்தலில் நின்றாராமே?

நின்றார். மிசூரியிலிருந்து விரட்டப்பட்டவர்கள் இல்லினாய் மாநிலத்தில் நாவூ என்ற நகரைக் கட்டினார்கள். ஸ்மித் அங்கே மேயர், உள்ளூர்ப் படைக்குத் தளபதி, சபைக்குத் தீர்க்கதரிசி. 1844-இல் அதிபர் வேட்பாளரும் ஆனார். மிசூரியில் இழந்த நிலத்துக்கும் உயிர்களுக்கும் நியாயம் வாங்கித் தருவீர்களா என்று முன்னணி அரசியல்வாதிகளுக்குக் கடிதம் எழுதி, உருப்படியான பதில் வராத வெறுப்பில் எடுத்த முடிவு அது.

அதே ஆண்டு, அவரை எதிர்த்து எழுதிய ஒரு பத்திரிகையின் அச்சகத்தை நாவூ நகர நிர்வாகம் உடைத்தது. இதை எந்தக் கோணத்தில் பார்த்தாலும் அராஜகம்தான். அதைத் தொடர்ந்து கைதாகிக் கார்த்தேஜ் சிறையில் இருந்த ஸ்மித்தையும் அவர் அண்ணன் ஹைரமையும் ஜூன் 27 அன்று முகத்தில் கரி பூசிக்கொண்டு வந்த கும்பல் சுட்டுக் கொன்றது. அதிபர் வேட்பாளர் ஒருவர் கொல்லப்பட்டது அமெரிக்காவில் அதுதான் முதல் முறை. மிச்சம் இருந்தவர்களை, ஸ்மித்துக்குப் பின் தலைவரான பிரிகம் யங் மேற்கே கூட்டிக்கொண்டு போனார். 1847 ஜூலை 24, சால்ட் லேக் பள்ளத்தாக்கு. அந்தத் தேதி இன்றும் யூட்டாவில் அரசு விடுமுறை.

எல்லாவற்றுக்கும் பலதார மணம்தானே காரணம்?

காரணங்களில் ஒன்று. மிசூரியில் அவர்களை அடித்து விரட்டியபோது அது வெளியே பேசப்படும் விஷயமாகவே இல்லை. சபை அதை வெளிப்படையாக அறிவித்தது 1852-இல். அதன் பிறகு எதிராளிகளுக்கு அதைவிட வசதியான ஆயுதம் கிடைக்கவில்லை.

1856-இல், அப்போது புதிதாகப் பிறந்திருந்த குடியரசுக் கட்சி, பலதார மணத்தையும் அடிமை முறையையும் 'காட்டுமிராண்டித்தனத்தின் இரட்டை எச்சங்கள்' என்று தேர்தல் அறிக்கையில் எழுதியது. இன்று மோர்மன்கள் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுப் போடும் கட்சி எது? அதே கட்சி. அரசியலில் இப்படிப்பட்ட தலைகீழ்கள் எனக்குப் பிடிக்கும்.

1857-இல் அதிபர் புக்கானன் யூட்டாவுக்கு ராணுவத்தை அனுப்பினார். அந்தப் பதற்றத்தில், செப்டம்பரில், மவுன்டன் மெடோஸ் என்ற இடத்தில் கலிபோர்னியாவுக்குப் போய்க்கொண்டிருந்த சுமார் 120 பேரை மோர்மன் படையினர் கொன்றார்கள். துரத்தப்பட்டவர்களின் கையிலும் ரத்தக் கறை உண்டு. சபையின் வரலாற்றை எழுதுபவர்களே இன்று அதை ஒப்புக்கொள்கிறார்கள்.

பிறகு சட்டங்கள் வரிசையாக வந்தன. 1887-இல் வந்த சட்டம் சபையின் சட்டபூர்வ அந்தஸ்தையே பறித்தது, சொத்தைப் பறிமுதல் செய்தது. யூட்டாவில் பெண்களுக்கு 1870 முதல் இருந்த ஓட்டுரிமையையும் பிடுங்கியது. பலதார மணத்திலிருந்து பெண்களைக் காப்பாற்றப் போகிறோம் என்று கிளம்பியவர்கள், அந்தப் பெண்களின் ஓட்டைத்தான் முதலில் காப்பாற்றி எடுத்து வைத்துக்கொண்டார்கள். பக்கத்து ஐடஹோவில் இன்னும் ஒரு படி மேல். ஒரு மனைவியோடு வாழ்பவரும், பலதார மணத்தைப் போதிக்கும் அமைப்பில் நான் உறுப்பினர் இல்லை என்று சத்தியம் செய்தால்தான் ஓட்டு. 1890-இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. அதே ஆண்டு சபைத் தலைவர் வில்ஃபோர்ட் உட்ரஃப் பலதார மணத்தைக் கைவிடும் அறிவிப்பை வெளியிட்டார். 1896 ஜனவரி 4 அன்று யூட்டாவுக்கு மாநில அந்தஸ்து கிடைத்தது.

இந்த வழக்குகளுக்கும் இந்தியாவுக்கும் தொடர்பு உண்டா?

இரண்டு இடத்தில் உண்டு. 1879-இல் ரெனால்ட்ஸ் என்ற மோர்மன் வழக்கில், மத நம்பிக்கை என்று சொல்லிப் பலதார மணத்தை அனுமதிக்க முடியாது என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம். அதற்கு நீதிபதி எடுத்த உதாரணம் உடன்கட்டை. புருஷன் சிதையில் ஏறுவது என் மதக் கடமை என்று ஒரு பெண் சொன்னால் அரசு தடுக்கக் கூடாதா என்று கேட்டார். அதோடு நிற்கவில்லை. பலதார மணம் ஐரோப்பியரிடம் அருவருப்புக்குரியது, மோர்மன்கள் வரும்வரை ஆசிய, ஆப்பிரிக்க மக்களிடம் மட்டுமே ஏறக்குறைய இருந்தது என்றும் தீர்ப்பில் எழுதினார். வெள்ளைக்கார மோர்மனைத் தாழ்த்துவதற்கு நாம்தான் அளவுகோல்!

இரண்டாவது, நம் அறநிலையத் துறை வழக்கு. ஐடஹோ வழக்கில், மதம் என்றால் ஒருவர் தன் படைப்பாளரோடு வைத்திருக்கும் உறவைப் பற்றிய எண்ணங்களே என்று குறுக்கி எழுதியிருந்தார்கள். 1954-இல் சென்னை மாகாணத்தின் இந்து அறநிலையச் சட்டத்தை எதிர்த்து வந்த சிரூர் மடம் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் அந்த வரையறையை எடுத்துப் பார்த்து, இது போதாது என்று ஒதுக்கியது. பௌத்தம், சமணம் போலக் கடவுளையே மையமாக வைக்காத மதங்களும் இங்கே உண்டு, மதம் என்பதில் சடங்கும் ஆசாரமும் அடங்கும் என்றது. கோயில் வழக்குகளில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் 'இன்றியமையாத மத வழக்கம்' என்ற வாதத்தின் தொடக்கம் அந்தத் தீர்ப்பு.

ஜெயித்த பிறகும் நாடாளுமன்றத்துக்குள் விடவில்லை என்பது உண்மையா?

ஒருவரை விடவில்லை, இன்னொருவரை நாலு வருடம் இழுத்தடித்தார்கள். 1898-இல் பிரதிநிதிகள் சபைக்கு ஜெயித்த பி.எச். ராபர்ட்ஸுக்கு மூன்று மனைவிகள். 268-க்கு 50 என்ற வாக்கில் உள்ளே விட மறுத்தார்கள்.

1903-இல் செனட்டர் ஆன ரீட் ஸ்மூட்டுக்கு ஒரே மனைவி. அவர் மேல் இருந்த குற்றம், சபையின் அப்போஸ்தலர்களில் ஒருவர் என்பது. நாட்டுக்கு விசுவாசமா, தீர்க்கதரிசிக்கு விசுவாசமா என்ற கேள்வி. விசாரணையில் சாட்சி சொன்ன சபைத் தலைவர் ஜோசப் எஃப். ஸ்மித், 1890 அறிவிப்புக்குப் பிறகும் தன் ஐந்து மனைவிகளோடு வாழ்வதையும், அதற்குப் பிறகு 11 குழந்தைகள் பிறந்ததையும் ஒப்புக்கொண்டார். நாடே வாயைப் பிளந்தது. அதாவது, சந்தேகப்பட்டவர்கள் எல்லாரும் வெறும் வெறுப்பில் பேசவில்லை. சபை சொன்னது ஒன்று, தலைவர்கள் செய்தது ஒன்று. ஆனால் அந்தக் கணக்கை ஸ்மூட் தலையில் எழுதியது என்ன நியாயம்? 1907-இல் செனட் வாக்கெடுப்பில் தப்பினார். 1933 வரை இருந்தார். பொருளாதாரப் பாடம் படித்தவர்கள் அவரை வேறு ஒரு பாவத்துக்காக அறிவார்கள்: 1930-இன் ஸ்மூட்-ஹாலி இறக்குமதி வரிச் சட்டம்.

அமெரிக்க அரசியல் சாசனம் இதைத் தடுக்கவில்லையா?

எந்தப் பதவிக்கும் மதத் தகுதி கேட்கக் கூடாது என்று ஆறாம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. அது அரசாங்கத்தைத்தான் கட்டுப்படுத்தும். திரைக்குப் பின்னால் நின்று ஓட்டுப் போடுகிற ஆளிடம் எந்தச் சாசனமும் காரணம் கேட்க முடியாது.

ஜார்ஜ் ராம்னி நின்றபோது எழாத பிரச்சினை மகன் மிட் நின்றபோது ஏன் எழுந்தது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. மிச்சிகன் ஆளுநராக இருந்த அப்பா ஜார்ஜ் 1968 தேர்தலுக்குக் கிளம்பினார். 1967-இல் கேலப் கருத்துக்கணிப்பில், தகுதி இருந்தாலும் மோர்மன் வேட்பாளருக்கு ஓட்டுப் போட மாட்டேன் என்றவர்கள் 17 சதவீதம். அவரைக் கவிழ்த்தது மதம் இல்லை. வியட்நாம் விஷயத்தில் ராணுவ அதிகாரிகள் என்னை மூளைச்சலவை செய்துவிட்டார்கள் என்று வாய்தவறியது கவிழ்த்தது.

நாற்பது வருடம் கழித்து அதே கேள்விக்கு 24 சதவீதம் பேர் மாட்டேன் என்றார்கள். 2011-இல் 22. கறுப்பினத்தவர், பெண், கத்தோலிக்கர், யூதர் என்று மற்ற எல்லாரைப் பற்றிய தயக்கமும் அந்த இடைவெளியில் சரிந்து விழுந்திருக்க, இது மட்டும் அசையவில்லை.

என் புரிதல் இது: இடையில் கட்சி மாறிவிட்டது. 1970களின் கடைசியில் சுவிசேஷ கிறிஸ்தவர்கள் திரண்டு குடியரசுக் கட்சிக்குள் வந்தார்கள். கருக்கலைப்பு, குடும்பம், பள்ளியில் ஜெபம் என்று மோர்மன்களும் அவர்களும் ஒரே பக்கம் நின்றார்கள். ஒரே பந்தியில் உட்கார்ந்த பிறகுதானே யார் இலையில் யார் கை என்ற பேச்சு வரும்? ஜார்ஜ் காலத்தில் கட்சி வேட்பாளரைத் தேர்வு செய்தவர்களுக்குத் திரித்துவம் ஒரு பொருட்டில்லை. மிட் காலத்தில் அயோவா உட்கட்சித் தேர்தலுக்கு வந்த குடியரசுக் கட்சியினரில் பத்துக்கு ஆறு பேர் சுவிசேஷ கிறிஸ்தவர்கள்.

மிட் ராம்னி தோற்றது மதத்தாலா?

2008-இல் அவர் கட்சி வேட்பாளர் ஆகவே முடியவில்லை, 2012-இல் வேட்பாளராகி அதிபர் தேர்தலில் தோற்றார். இரண்டுக்கும் வேறுவேறு பதில்.

2007 கடைசியில், முன்பு பாஸ்டராக இருந்தவரும் கட்சி வேட்பாளர் ஆக ராம்னியோடு போட்டியிட்டவருமான மைக் ஹக்கபி ஒரு பேட்டியில், இயேசுவும் சாத்தானும் சகோதரர்கள் என்று மோர்மன்கள் நம்புகிறார்கள்தானே என்று அப்பாவியாகக் கேட்டார். பிறகு மன்னிப்பும் கேட்டார். ஆனால் கேள்வி போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. டிசம்பர் 6 அன்று டெக்சஸில் ராம்னி மதம் பற்றி ஒரு பெரிய உரை ஆற்றினார். 1960-இல் கத்தோலிக்கரான கென்னடி ஹூஸ்டன் போதகர்கள் முன் பேசியதை நினைவுபடுத்தும் உரை. வித்தியாசம் ஒன்றுதான். கென்னடி, என் மதம் என் சொந்த விஷயம் என்று கதவைச் சாத்த முடிந்தது. ராம்னி தேடியதோ பக்தர்களின் ஓட்டு. கதவைச் சாத்தவும் முடியாது, திறந்து காட்டவும் முடியாது. அவ்வளவு நீள உரையில் 'மோர்மன்' என்ற சொல் ஒரே ஒரு முறை வந்தது. அயோவாவில் ஹக்கபி 34 சதவீதம், ராம்னி 25.

2011 அக்டோபரில் டாலஸின் பெரிய பாப்டிஸ்ட் சபைப் பாஸ்டர் ராபர்ட் ஜெஃப்ரெஸ், ராம்னி கிறிஸ்தவரே இல்லை, மோர்மன் சபை ஒரு துர்உபதேசக் கூட்டம் என்று நிருபர்களிடம் சொன்னார். 2012 உட்கட்சித் தேர்தல்களில் தென் கரோலினா, ஜார்ஜியா, அலபாமா, மிசிசிப்பி, டென்னசி என்று தெற்கே வரிசையாகத் தோற்றார் ராம்னி. பிறகும் வேட்பாளர் ஆனார். எதிரே ஒபாமா நின்றதும் என்ன ஆயிற்று? அதே ஜெஃப்ரெஸ் ராம்னிக்குத்தான் ஓட்டு என்றார். புகழ்பெற்ற சுவிசேஷப் பிரசங்கி பில்லி கிரஹாம் ராம்னியைச் சந்தித்த கையோடு, அவருடைய அமைப்பின் இணையதளத்தில் துர்உபதேசப் பட்டியலிலிருந்து மோர்மன் சபை காணாமல் போனது. நூற்றெண்பது வருட இறையியல் சர்ச்சை, தேர்தலுக்கு மூன்று வாரம் இருக்கும்போது தீர்ந்துவிட்டது! வெள்ளை சுவிசேஷ கிறிஸ்தவர்களில் நாலில் மூன்று பங்குக்கும் மேல் ராம்னிக்கே போட்டார்கள், 2004-இல் புஷ்ஷுக்குப் போட்ட அதே அளவில். 2012-இல் அவர் தோற்றதற்கு மதத்தைக் காரணம் காட்ட முடியாது.

ஆகவே வெறுப்பு கடிப்பது வீட்டுக்குள், உட்கட்சித் தேர்தலில். வெளி எதிரி வந்துவிட்டால் கட்சிப் பாசம் அதை விழுங்கிவிடுகிறது.

அப்படியானால் அந்த வெறுப்புக்கு விளைவே இல்லையா?

உண்டு, எண்ணிக்கையில் தெரியாது. ராம்னி பாஸ்டன் பக்கம் பல வருடம் சபையில் சம்பளமில்லாத ஊழியம் செய்தவர். அந்தக் காலத்தில் அவர் சபையில் 14 வயதுப் பையன் ஒருவன் புற்றுநோயில் சாகக் கிடந்தான். வக்கீல் படிப்பு படித்தவர் என்று தெரிந்து, எனக்கு உயில் எழுதித் தருவீர்களா என்று ராம்னியிடம் கேட்டான். மஞ்சள் காகித நோட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஸ்கேட்போர்டு, பொம்மை ராக்கெட், மீன்பிடிச் சாமான் எல்லாம் எந்தெந்த நண்பனுக்கு என்று அவன் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். பையன் இறந்த பிறகு அவனுடைய இறுதிச் சடங்கில் பேசியதும் ராம்னிதான்.

கல்மனசுப் பணக்காரர், ஆட்களை வேலையைவிட்டுத் தூக்குபவர் என்று பெயர் வாங்கிக்கொண்டிருந்த மனிதரிடம் இப்படி ஒரு கதை இருந்தது. நாடு அதைப் பெரிய மேடையில் கேட்டது 2012 ஆகஸ்ட் கடைசியில், கட்சி மாநாட்டில், பையனின் பெற்றோர் வாயால். சபை என்று ஆரம்பித்தாலே மோர்மன் பேச்சு வந்துவிடும் என்ற பயத்தில் அதுவரை அந்தப் பக்கமே தொடாமல் பிரசாரம் நடந்தது. தன் வாழ்க்கையின் சிறந்த பகுதியை ஒரு மனிதன் ஒளித்து வைத்துக்கொண்டு ஓட்டுக் கேட்க வேண்டியிருந்தது. நான் விளைவு என்பது இதைத்தான்.

வெறுப்பு வலதுசாரிகளிடம் மட்டும்தானா?

இல்லை. 2011 கேலப் கணிப்பில் மோர்மனுக்கு ஓட்டில்லை என்றவர்கள் ஜனநாயகக் கட்சியினரிடையேதான் அதிகம். அங்கே இறையியல் இல்லை, கிண்டல்தான். முக்கியமாக, சபையின் ஆலயத்துக்குள் சென்று பிரமாணம் எடுத்தவர்கள் சட்டைக்கு அடியில் போடும் உள்ளாடை பற்றி. பூணூலையோ சீக்கியரின் கச்சையையோ பற்றி அப்படி மேடையில் சிரிக்க யோசிக்கும் படித்த கூட்டம், இதற்கு மட்டும் வாய்விட்டுச் சிரிக்கும். 2011-இல் நியூயார்க்கின் பிராட்வே நாடக அரங்கில், 'மோர்மன் புத்தகம்' என்ற அதே பெயரில் ஒரு நையாண்டி இசைநாடகம் ஓகோவென்று ஓடியது. சபை வழக்குப் போடவில்லை. நாடகத்தின் கையேட்டிலேயே, நாடகம் பார்த்தாயிற்று, இனி புத்தகத்தைப் படியுங்கள் என்ற பொருளில் விளம்பரம் கொடுத்தது. சமயோசிதம்!

கோபத்துக்கு உண்மையான காரணமும் இருந்தது. 2008-இல் கலிபோர்னியாவில் ஒருபாலினத் திருமணத்தைத் தடுக்கும் வாக்கெடுப்புக்குச் சபை தன் உறுப்பினர்களைப் பணமும் உழைப்பும் கொடுக்கச் சொல்லித் தூண்டியது. அதை எதிர்த்துச் சபையின் முன் கோஷம் போடுவது அரசியல். அதை வெறுப்பு என்று சொல்ல மாட்டேன். ஆலயங்களுக்கு உறையில் வெள்ளைப் பொடி அனுப்பினார்கள், பிறகு அது ஆபத்தில்லாத பொடி என்று தெரிந்தது. அதை வேறு என்ன பெயரால் சொல்ல?

சபையின் இனக் கொள்கையைக் கேள்வி கேட்பதும் வெறுப்பா?

இல்லவே இல்லை. கறுப்பின ஆண்களுக்கு 1978 ஜூன் வரை ஆசாரியத்துவம், அதாவது குருப்பட்டம், மறுக்கப்பட்டது. வேட்பாளரிடம் இதைக் கேட்கலாம், கேட்க வேண்டும். ஆனால் யாரிடம் கேட்கிறோம்? 1976-இல் மோ யூடால் என்ற அரிசோனாக்காரர் ஜனநாயகக் கட்சி வேட்பாளராக முயன்றார். இந்தக் கொள்கை பிடிக்காமலே சபையோடு ஒட்டுறவை விட்டவர். மிச்சிகன் உட்கட்சித் தேர்தலுக்கு முன்னால் டெட்ராய்ட் மேயர் கோல்மன் யங், எதிர்த்துப் போட்டியிட்ட ஜிம்மி கார்ட்டருக்கு ஆதரவாக, அதே கொள்கையை வைத்து யூடாலைத் தாக்கினார். யூடால் மயிரிழையில் தோற்றார். சபையை விட்டு வந்தாலும் சபை விடாது.

ஹாரி ரீட் மோர்மன்தானே, அவரை ஏன் யாரும் கேட்கவில்லை?

செனட்டில் எட்டு வருடம் பெரும்பான்மைத் தலைவராக இருந்த ஜனநாயகக் கட்சிக்காரர். மோர்மனாக இருப்பதால்தான் நான் ஜனநாயகக் கட்சியில் இருக்கிறேன் என்று 2007-இல், சபை நடத்தும் பிரிகம் யங் பல்கலைக்கழகத்திலேயே சொன்னார். அவர் அதிபர் பதவிக்கு நிற்கவில்லை, நெவாடாவுக்கு மோர்மன்கள் புதிதும் இல்லை. அவரைச் சந்தேகமாகப் பார்த்தவர்கள் பெரும்பாலும் சக மோர்மன்களே.

டிரம்ப் காலத்தில் மோர்மன்கள் எந்தப் பக்கம்?

கட்சிப் பக்கம், முகத்தைச் சுளித்துக்கொண்டு. 2012-இல் ராம்னிக்கு 73 சதவீதம் கொடுத்த யூட்டா, 2016-இல் டிரம்புக்கு 45.5 கொடுத்தது. இவான் மெக்மல்லின் என்ற சுயேச்சை மோர்மனுக்கு 21.5.

சுளித்ததற்குப் பல காரணம். எனக்கு முக்கியமாகப் படுவது பழைய நினைவு. 2015 டிசம்பரில் முஸ்லிம்களை நாட்டுக்குள் விடக் கூடாது என்று டிரம்ப் சொன்ன மறுநாள், பெயர் குறிப்பிடாமல், ஜோசப் ஸ்மித்தின் மத சுதந்திர வாசகத்தை எடுத்துப்போட்டு அறிக்கை விட்டது சபை. சிரியா அகதிகள் வேண்டாம் என்று குடியரசுக் கட்சி ஆளுநர்கள் வரிசையாக அறிவித்தபோது, வரட்டும் என்றார் யூட்டா ஆளுநர் கேரி ஹெர்பர்ட். எங்கள் மாநிலத்தைக் கட்டியவர்களே அகதிகள்தான் என்றார். மிசூரி ஆணை அங்கே இன்னும் குடும்பக் கதை.

2020 பிப்ரவரியில் டிரம்ப் மீதான பதவிநீக்க விசாரணையில், சொந்தக் கட்சி அதிபருக்கு எதிராகக் குற்றவாளி என வாக்களித்த முதல் செனட்டர் ஆனார் ராம்னி. கடவுள் முன் சத்தியம் செய்துவிட்டு வேறு மாதிரி போட முடியாது என்றார். தப்பைச் செய்துவிட்டு மதத்தைச் சாக்குச் சொல்பவர்களை எனக்குப் பிடிக்காது என்று மறுநாள் ஜெப விருந்திலேயே டிரம்பிடமிருந்து பதில் வந்தது. ஓட்டுக் கேட்கும்போது மதம் அளவுக்கு மீறித் தெரிந்த மனிதருக்கு, மனசாட்சி என்று வந்தபோது மதம் வெறும் சாக்கு ஆகிவிட்டது.

யூட்டாவில் அவர்களே பெரும்பான்மை. அங்கே மற்றவர்கள் கதி?

நியாயமான கேள்வி. சட்டமன்றத்தில் மிகப் பெரும்பான்மை மோர்மன்கள். மதுக்கடைச் சட்டங்களில் சபையின் வாடை அடிக்கும். உறுப்பினர் இல்லாதவர்கள் பலர், அண்டை வீட்டுக் குழந்தைகள் எங்கள் குழந்தைகளோடு கலப்பதில்லை என்று வருத்தப்படுவதைக் கேட்டிருக்கிறேன். சிறுபான்மையாக அடிபட்டவர்கள் பெரும்பான்மை ஆனதும் தானாகப் பெருந்தன்மை வந்துவிடும் என்று எதிர்பார்ப்பது அதிகப்படி.

வன்முறையெல்லாம் பழைய கதைதானே?

அப்படித்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். 2025 செப்டம்பர் 28, ஞாயிறு காலை, மிச்சிகனில் கிராண்ட் பிளாங்க் என்ற ஊரில், ஆராதனை நடந்துகொண்டிருந்த மோர்மன் சபைக் கட்டடத்தின் மீது ஒருவன் வண்டியை மோதினான். இறங்கிச் சுட்டான், கட்டடத்துக்குத் தீ வைத்தான். நான்கு பேர் இறந்தார்கள். அவனைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. சில நாளில், அவனுடைய மனைவி குழந்தைக்கு என்று ஒரு மோர்மன் இணையத்தில் நிதி திரட்ட ஆரம்பித்தார். 3 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது.

'மோர்மன்' என்று சொல்லலாமா?

2018-இல் சபைத் தலைவர் ரஸ்ஸல் நெல்சன், இனி அந்தச் சொல் வேண்டாம், முழுப்பெயரைச் சொல்லுங்கள் என்றார். அதற்குச் சில வருடம் முன்புதான் 'நான் ஒரு மோர்மன்' என்று சபையே பெரிய செலவில் விளம்பரம் செய்திருந்தது. எழுத்தில் நான் வாசகருக்குப் புரிய வேண்டுமே என்று பழைய பெயரைப் போடுகிறேன். நேரில் பேசும்போது அவர்கள் சொல்லும் பெயரைச் சொல்வேன்.

எனக்கு யூட்டாவில் வேலை கிடைத்திருக்கிறது. போகலாமா?

தாராளமாகப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை கடைத்தெரு கொஞ்சம் ஓய்ந்திருக்கும். ஆபீஸில் காபி மெஷின் இருக்கும், வரிசை சின்னதாக இருக்கும். ஸ்பானிஷ் ஃபோர்க் என்ற ஊரில் ஒரு ராதாகிருஷ்ணர் கோயில் இருக்கிறது; கட்டும்போது மோர்மன் சபையும் நன்கொடை கொடுத்தது. அங்கே ஹோலிக்குக் கலர்ப்பொடி தூவ வருகிற கூட்டத்தில் பெரும்பங்கு பக்கத்துப் பிரிகம் யங் பல்கலைக்கழகப் பிள்ளைகள். வீட்டுக்கு யாராவது வந்தால், ஃபிரிட்ஜில் மோர் இருக்கட்டும்.